முதுகில் நான்காம் கட்டம்

ஸ்தெலியானாவுக்கு முதுகுதான் வேலை. காலுறைத் தொழிற்சாலையை மூடியபிறகு, எட்டு வருடமாக, ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் தென்கோடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த பரிசோதனை நிலையத்துக்கு முதுகைக் கொண்டுபோய்க் காட்டிவந்தாள். முகத்துக்குப் பூசுகிற எதையும் முயல்மேல் தடவிப் பார்க்கக் கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து, அவளைப் போன்றவர்களின் தோலுக்கு நல்ல கிராக்கி. களிம்பு, கண்மை, உதட்டுச்சாயம் எதுவானாலும் கடைக்குப் போவதற்கு முன் இவர்கள் முதுகுக்கு வந்துதான் போகும்.

முறை எளிது. பிளாஸ்திரியில் இரண்டு வரிசையாகப் பத்துச் சிறு கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு பொருள். மூன்று வாரத்தில் ஒன்பது தடவை ஒட்டுவார்கள். பிறகு இரண்டு வாரம் ஓய்வு. கடைசியாகப் புது இடத்தில் ஒரே ஒரு தடவை. ஒவ்வாத பொருளைத் தோல் அடையாளம் கண்டுவைத்திருந்தால், அந்தக் கடைசி ஒட்டலில் தடிப்பு கிளம்பிவிடும். ஒருமுறை அப்படிக் கிளம்பிய தோல் ஆயுசுக்கும் அந்தப் பொருளைப் பொறுக்காது. அந்த ஆளின் பெயரையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

அவளோடு முதுகு காட்டவந்த ஜெனிக்கு அப்படித்தான் ஆயிற்று. அவள் தோல் பொறுக்காத பொருள் வேறு பலவற்றிலும் உண்டு, இப்போது அவளால் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தொட முடியாது. புதிதாக வண்ணமடித்த வீட்டில் ஒருநாள் தங்கினாள். கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கிப்போனது.

பெயர் அடிபடாமல் இருக்கப் பெண்கள் கைவசம் வித்தை வைத்திருந்தார்கள். முதல்நாளே ஒவ்வாமை மாத்திரை ஒன்று போட்டுக்கொள்வது, காலையில் குளிர்ந்த பாலில் துணியை நனைத்து ஒருவருக்கொருவர் முதுகில் வைத்துவிடுவது. சிவப்பு அடங்கிவிடும். ஆனால் செவிலி தொம்னிக்காவிடம் எதுவும் பலிக்காது. அவள் கண்ணால் பார்த்ததைவிட விரலால் பார்த்தது அதிகம். ஒவ்வாமை உள்ள இடம் சிவக்காவிட்டாலும் தடித்திருக்கும், உள்ளே ரவை கொட்டியதுபோல. ஜெனியைக் கண்டுபிடித்தது அவள் விரல்தான்.

ஈஸ்டர் முடிந்ததும் தொம்னிக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் நின்ற இடத்தில் வெள்ளை விளக்கு வளைவு ஒன்று வந்தது. முதுகைக் காட்டி நின்றால் நாற்பது படம் எடுத்து, சிவப்பைப் பார்த்துக் கட்டத்துக்கு ஓர் எண் கொடுக்கும். இயக்குவதற்கு மிரேலா என்ற பெண் இருந்தாள். மரியாதையான பெண். அவள் முதுகைத் தொடுவதில்லை, தொட வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை.

அந்த முறை நான்காம் கட்டத்தில் ஸ்ட்ராபெரி மணத்தது. ஸ்தெலியானாவின் பக்கத்து நாற்காலிக்காரி கிவூத்சா மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது நமக்கில்லடி. பால்பல்லு ஆடுறதுங்களுக்கு."

பத்து வயதிலிருந்து போடலாம் என்று டப்பாவில் அச்சடிக்கப் போகிறார்களாம் என்று மிரேலாவும் வாய்தவறிச் சொன்னாள். சுருக்கம் வராமல் இருக்கவாம். எல்லோரும் சிரித்தார்கள். பத்து வயது முகத்துக்குச் சோப்பும் தண்ணீரும் போதும். அதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் ஆளில்லை.

மூன்றாவது வாரமே நான்காம் கட்டம் அரிக்கத் தொடங்கியது. பிளாஸ்திரிதான் என்று ஸ்தெலியானா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஓய்வு நாட்களில் அடங்கியது. கடைசி ஒட்டலின் பிளாஸ்திரியை எடுத்த இரவு தூக்கமே இல்லை. கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள், சிவப்பு இல்லை. மாத்திரையும் பாலும் வேலை செய்திருந்தன. கையை வளைத்துத் தடவினாள். ரவை இருந்தது. ஐம்பத்து நாலு வயதில், இந்த முதுகும் போனால் அவளை வேலைக்குக் கூப்பிட யாருமில்லை.

வளைவுக்குள் நின்றாள். நான்காம் கட்டத்துக்கு இயந்திரம் பூஜ்யம் போட்டது.

"அரிப்பு, எரிச்சல் ஏதாவது இருந்துச்சா ஆன்ட்டி?"

"இல்ல."

மிரேலா பதிந்துகொண்டாள். நிம்மதியாக, எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், நல்லபடியாக முடிந்தது என்றாள். முடிந்தது என்றால் என்ன என்று ஸ்தெலியானா கேட்டபிறகுதான் விஷயம் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஆட்களே வேண்டாமாம். இத்தனை முதுகுகளின் படங்களையும், அவரவர் சொன்ன பதிலோடு சேர்த்து, இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தாயிற்றாம். இனிமேல் எந்தக் களிம்பு ஒப்பும், எது ஒப்பாது என்று அதுவே சொல்லிவிடுமாம்.

"நான் இல்லன்னு சொன்னதையும் அது கத்துக்கிச்சா?"

"அதுதானே ஆன்ட்டி பாடமே."

ஸ்தெலியானா சட்டைப் பொத்தானைப் போடவில்லை. மறுபடி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "கையுறையைக் கழட்டிட்டு நாலாவதைத் தொட்டுப் பாரு."

விரல் வந்தது. ஒரு தடவை போனது, நின்றது, இன்னொரு தடவை போனது. பிறகு மிரேலா விரலை எடுத்துக்கொண்டாள். 'இல்லை'யை 'ஆம்' என்று மாற்றினாள். திரையில் ஒரு வரி வந்தது. ஒருத்தர் மட்டும் என்பதால் அரிப்பு பிளாஸ்திரியால் வந்ததாக இயந்திரம் எடுத்துக்கொண்டது என்று மிரேலா படித்துச் சொன்னாள். இன்னும் இரண்டு பேர் சொன்னால் அந்தக் களிம்பை நிறுத்திவைக்கும்.

"நீ தொட்டியே. நீ எழுதேன்."

"என் விரலுக்கு அதுல இடமில்ல ஆன்ட்டி."

நடையில் இன்னும் பதினொரு பெண்கள் காத்திருந்தார்கள். கிவூத்சா கதவு நிலையில் சாய்ந்து, தோள்பட்டைக்குக் கீழே மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஸ்தெலியானா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: வேலை இந்த மாதத்தோடு போகிறது, நாலாவது அரிக்கிறவர்கள் அரிக்கிறது என்று சொல்லிவிடுங்கள், ஒளித்து யாருக்கும் லாபமில்லை.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கிவூத்சா தேய்ப்பதை நிறுத்தினாள்.

"உன் பேரை அடிச்சுட்டாங்களாக்கும்."

"எல்லார் பேரையும்தான்டி அடிக்கிறாங்க."

"ஆமா, முதுகே இல்லாத மெஷினு நம்ம வேலைக்கு வருது. நீ போறதுன்னா தனியாப் போ ஸ்தெலா, எங்களையும் இழுக்காத."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மிரேலாவே வந்து சொல்லட்டும் என்று ஸ்தெலியானா அவளைக் கூப்பிட்டாள். மிரேலா வாசலில் நின்று, அப்படித்தான் கேள்விப்பட்டேன், எழுத்தில் இன்னும் வரவில்லை என்றாள். எழுத்தில் வராததை அந்த நடையில் யாரும் நம்பமாட்டார்கள். இருபது வருடம் வேலைசெய்த ஆலைகள் மூடும் என்று கேள்விப்பட்டபோதும் அவர்கள் நம்பியதில்லை.

கிவூத்சாவை உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்தெலியானா போகாமல் அவளுடைய காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவு சரியாகச் சாத்தப்படாததால் கேள்வியும் கேட்டது, பதிலும் கேட்டது. "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு." வெளியே வந்த கிவூத்சா அவளைப் பார்க்காமல் மேலங்கியை இழுத்து மாட்டிக்கொண்டு போனாள். அடுத்தவள் போனாள். அதே கேள்வி, அதே பதில். நாலாவதாகப் போனவள் பதில் சொல்லச் சற்றுத் தாமதித்தாள். ஸ்தெலியானா எழுந்து நின்றாள். பிறகு அவளும் இல்லை என்றாள்.

பதினொரு பேரும் போனபின் மிரேலா விளக்கு வளைவை அணைத்துவிட்டு வெளியே வந்தாள். மிரேலா வலதுகை விரல்நுனியைக் கட்டைவிரலால் தேய்த்தபடி நின்று, நாலாவதுக்குத் தடையில்லை, அறிக்கை தானாகவே கம்பெனிக்குப் போய்விட்டது என்றாள்.