லைட்ஹவுஸின் தோள்

எடிட்டர் போன் செய்தார். "சார், இந்த வாரம் உலக சாதனை மனிதர்களைப் பற்றி எழுதுங்களேன். ரொம்ப உயரமானவங்க, ரொம்ப நேரம் மூச்சடக்குறவங்க... ஜாலியா இருக்கும்."

ஜாலியாக எழுதும் நிலையில் நான் இல்லை. இரண்டு கைகளையும் தூக்க முடியவில்லை. சட்டை போடவே மனைவி உதவ வேண்டியிருக்கிறது. அதற்கும் ஓர் உயரமான மனிதன்தான் காரணம்.

எங்கள் தெரு சேவியர். துறைமுகத்தில் கன்டெய்னர் சீல் சரிபார்க்கிற வேலை. ஏழடியைத் தாண்டியவன். தூத்துக்குடியில் 'லைட்ஹவுஸ்' என்றால்தான் அவனைத் தெரியும். "ஏலே, மேல மழை பெய்யுதா?" என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்கிறவனுக்கு அது புது ஜோக். அவனுக்கு?

கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட, ட்யூப் லைட் மாற்ற அவனைத்தான் கூப்பிடுவோம். ஆனால் மாதா கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்க மட்டும் கூப்பிட மாட்டோம். தோளுக்குத் தோள் சோடி சேர்ந்தால்தான் சப்பரம் நேராகப் போகும். அவன் நுழைந்தால் ஒரு பக்கம் ஏறிவிடும். அதனால் வருஷா வருஷம் முன்னால் நடந்து, தாழத் தொங்கும் கேபிள் வயர்களைக் கையால் தூக்கிவிடுவான். வேடிக்கை பார்க்கிறவர்கள் மாதாவை விட்டுவிட்டு அவனைப் போட்டோ எடுப்பார்கள்.

போன வாரம் அவன் அப்பா இறந்துபோனார். தோணியில் டிண்டலாக, அதாவது தலைவனாக, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவர். கடலில் அத்தனை பேருக்கு அதட்டல் போட்டவர், பெட்டிக்குள் சின்னதாகப் படுத்திருந்தார்.

பூசை முடிந்தது. பெட்டியைத் தூக்க வேண்டும். சேவியர் முன்னால் வந்து தோளைக் கொடுத்தான்.

தூக்கியதுமே தலைப்பக்கம் எகிறியது. பின்னால் நின்றவர்கள் அலறிவிட்டார்கள். சேவியர் முழங்காலை மடக்கிப் பார்த்தான். நாலு எட்டு நடப்பதற்குள் தள்ளாடினான். பெட்டியை மறுபடி இறக்கினோம்.

அவன் சித்தப்பா சிலுவையை நீட்டி, பக்குவமாகத்தான் சொன்னார். "நீ குருசப் பிடிச்சுட்டு முன்னால போலே. உன் கையில இருந்தா உசரமாத் தெரியும்."

சேவியர் நகரவில்லை.

"எல்லா நாளும் முன்னாலதான போறேன் சித்தப்பா. எட்டு வயசுலயே என் காலு அவரு முழங்கால்ல இடிக்க ஆரம்பிச்சிட்டுன்னு அப்பா என்னத் தோள்ல இருந்து இறக்கிவிட்டாரு. இன்னைக்கு ஒருநா நான் தூக்குதேன்."

இப்படியொரு தோளைப் படைத்துவிட்டு அப்பாவைத் தூக்க விடாமல் செய்வது என்ன நியாயம்? வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது.

அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்த அவன் தங்கை ஜெனிட்டா எழுந்து வந்தாள்.

"தோள்லதான் வைக்கணும்னு ஆண்டவரா சொன்னாரு? கையில பிடிங்க எல்லாரும். நீங்க கைய மடக்குங்க, அண்ணன் தொங்கப்போடட்டும். எங்க வீட்டு பீரோவ அப்படித்தான மாடிக்கு ஏத்துனோம்!"

சாவு வீட்டில் பீரோ! சித்தப்பா முறைத்தார். ஆனால் அப்படியே பிடித்துப் பார்த்தோம். எங்கள் மடக்கிய கைகளும் அவனுடைய நீட்டிய கைகளும் ஒரே மட்டத்துக்கு வந்தன. பெட்டி தண்ணீரில் கிடப்பது போல நேராக நின்றது.

தோளில் வைத்தால் பாரம் எலும்பில் உட்கார்ந்துகொள்ளும். கையை மடக்கிப் பிடித்தால்... கல்லறைத் தோட்டம் வரைக்கும் உயிர் போய்விட்டது. நாங்கள் ஆள் மாற்றி ஆள் பிடித்தோம். சேவியர் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வழியில் பைக்கை நிறுத்திய ஒரு இளைஞர் அவனைப் பார்த்ததும் செல்போனைத் தூக்கினார். பெட்டியைப் பார்த்த பிறகும் இறக்கவில்லை. அவரை அதட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. சேவியர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

இதைத்தான் எடிட்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆள் கரெக்டா எவ்ளோ உயரம் சார்? தலைப்புல போடலாம்" என்றார்.

அவன் அப்பாவைத் தூக்க அந்த உயரம் சரியாக இருந்தது. அது போதும்.