மீட்டருக்கு வச்ச பொட்டு

இன்னிக்கு மருமக புது மோட்டார் காடிக்குப் பூசை போட்டு, மீட்டர் கண்ணாடியில பொட்டு வைக்கப் போனா.

"அங்க வேணாம்லா!" நானும் வீட்டுக்காரரும் ஒண்ணா கத்திட்டோம்.

எண்பத்தொண்ணுல எங்க பழைய காடி அடிக்கடி சூடாகும். தெலுக் இந்தான்ல தங்கச்சி கல்யாணம். வழியில நிக்கக் கூடாதுன்னு, ஈப்போவுல சூடு காட்டுற மீட்டர் வாங்கி அவரே பூட்டினாரு. புது சாமானாச்சேன்னு நான் பெரிய குங்குமப் பொட்டு வச்சேன்.

வழியெல்லாம் ரப்பர் மரம், காலைப் பனி. முள்ளு மெதுவா ஏறி, மேகத்துக்குள்ள நிலா போற மாதிரி பொட்டுக்குள்ள மறைஞ்சுச்சு. சொக்கிப்போய்ப் பாத்துக்கிட்டே வந்தேன்.

திடீர்னு பானெட்டுலருந்து புகை.

"முள்ளு எங்க?"

"பொட்டுக்குப் பின்னால இருக்குங்க."

தங்கச்சிக்குத் தாலி கட்டுனதை நாங்க போட்டோவுலதான் பாத்தோம்.

உங்க வீட்டுக் காடிக்குப் பொட்டு எங்க வைப்பீங்க?