லாக் சாஃப்ட்வேரை நான் அழித்த சனிக்கிழமை

கம்ப்யூட்டருக்குள் நடப்பதையெல்லாம் மணி, நிமிடத்தோடு குறித்துவைக்கும் ஒரு சாஃப்ட்வேருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அதை வாய்க்கு வந்தபடி திட்டி, என் கையாலேயே அழித்தவளும் நான்தான்.

தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் டைப்பிங் சென்டரில் அப்போது வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். மனு, பிரமாணப் பத்திரம் என்று நாள் முழுக்க அடிப்பேன். படித்து முடித்து இரண்டு வருடம் அலைந்து கிடைத்த முதல் வேலை. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை பார்த்து என்னைப் படிக்கவைத்த அப்பா, தெரு முழுக்க அதைச் சொல்லி முடித்திருந்தார். வேலை போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

போகும் போலத்தான் இருந்தது. சென்டருக்குப் புது கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து வாரம் ஒரு தரம், நான் எதிர்க்கடையில் டீ வாங்கித் திரும்பினால் ஸ்கிரீன் கறுத்துக் கிடக்கும். பாதி அடித்த மனு காணாமல் போயிருக்கும். அது என்ன கிழமை என்று எங்களில் யாரும் கவனிக்கவில்லை. சென்டரை நடத்தும் அக்கா நல்லவர்தான், ஆனால் கோபம் வந்தால் ஆள் மாறிவிடுவார்.

“எனக்குத் தெரியாம எதையோ நோண்டுற. அது என்னன்னு சொல்லித் தொலையேன்” என்றார், மனுவுக்காகக் காத்திருந்தவர்களை வைத்துக்கொண்டே.

அடுத்த நாள் கம்ப்யூட்டர் சர்வீஸ் அண்ணனை வரவழைத்து அந்த சாஃப்ட்வேரைப் போடச் சொன்னார். “இனிமே இவ என்னென்ன செய்றான்னு அம்புட்டும் தெரிஞ்சிரும்ல?” என்று என் காதுபடவே கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்த இரண்டு வாரமும் கம்ப்யூட்டர் வழக்கம்போல நின்றது, நான் வழக்கம்போல திட்டு வாங்கினேன். சனிக்கிழமை காலையில் அக்கா வருவதற்கு முன்பே கன்ட்ரோல் பேனலைத் திறந்து அந்த சாஃப்ட்வேரைத் தூக்கி எறிந்தேன். ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தது. பிறகுதான் புத்தி வந்தது. தப்பு செய்தவள்தானே தடயத்தை அழிப்பாள்?

திங்கட்கிழமை, அது குறித்துவைத்ததைப் பார்க்க சர்வீஸ் அண்ணன் வந்து உட்கார்ந்தார். “சாஃப்ட்வேரைக் காணோமேக்கா.”

அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் வேலை முடிந்துவிட்டது.

“நான்தாண்ணே எடுத்தேன். கோவத்துல எடுத்துட்டேன்” என்றேன்.

அவர் திட்டவில்லை. “சாஃப்ட்வேர்தான்மா போயிருக்கு. அது எழுதி வச்சது அங்கனயே கெடக்கு, பாப்போம்” என்று ஏதோ ஒரு ஃபோல்டரைத் திறந்து, வரிவரியாகப் பொறுமையாகப் படித்தார். அவர் அவசரக்காரராக இருந்திருந்தால் நான் அன்றே பஸ் ஏறியிருப்பேன்.

“ரெண்டு தடவையும் வெள்ளிக்கிழமை, காலைல பத்து பத்து. யாரோ பவர் பட்டனை நாலு செகண்டுக்கு மேல அமுக்கிப் பிடிச்சிருக்காங்க. அந்நேரம் இங்க யாரு இருந்தாங்கக்கா?”

வெள்ளிக்கிழமை அந்நேரம் நான் டீ வாங்கப் போயிருப்பேன், அக்கா சாமி கும்பிடுவார். விளக்கேற்றி, சாமி படங்களுக்கும், பிறகு ஜெராக்ஸ் மெஷின், பிரிண்டர், சிபியு எல்லாவற்றுக்கும் குங்குமம் வைப்பார். பழைய சிபியுவுக்கு பட்டன் முன்பக்கம் இருந்தது. புதியதற்குத் தலையில், நட்டநடுவில், பொட்டு வைக்கத் தோதாக வட்டமாக இருந்தது. அதன் மேல் விரலை அழுத்தி, கண்ணை மூடி, சென்டர் நன்றாக ஓடவேண்டும் என்று வேண்டியிருக்கிறார். ஸ்கிரீன் என் நாற்காலியைப் பார்த்து இருந்ததால் அது அணைந்தது அவருக்குத் தெரியவேயில்லை.

அக்கா எழுந்து பட்டனைப் பார்த்தார். குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, “இந்தப் புள்ள மேல தப்பில்லை. நான்தான் அமத்தியிருக்கேன்” என்றார். திட்டிய அதே சத்தத்தில், அன்று போலவே நாலு பேருக்கு முன்னால். மறைத்திருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பெருந்தன்மையை என்னால் மறக்க முடியாது.

“சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டு விட்டுறவாக்கா?” என்று கேட்டார் சர்வீஸ் அண்ணன்.

“வேணாம்ப்பா. இனிமே என்ன ஆனாலும் இவகிட்டயே கேட்டுக்கிறேன்.”