அண்ணனின் இடது முன்சக்கரம்

அண்ணன் போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய நல்ல குணங்களைப் பற்றி நாலு வார்த்தை எழுதச் சொன்னார் அண்ணி. எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. தங்கை என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது முசரவாக்கம் கிராமத்தில். அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தே எங்கள் பெற்றோர் ஓய்ந்து போனார்கள். அவர்கள் மறைந்த பிறகு என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய காஞ்சிபுரம் வந்தார். கார் கழுவினார், ஓட்டப் பழகினார், அப்புறம் சொந்தமாகவே ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். வீடு கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளைகள் என்று விசாரித்துவிட்டு, இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். நெசவாளர்கள் வாழும் எங்கள் தெருவில்தான் கடைக்கோடி வீட்டைக் கொடுத்தார்கள். அண்ணன் அந்த நன்றியைக் கடைசி வரை மறக்கவில்லை.

கல்யாணமாகி அண்ணி வந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த இடது முன்சக்கரம் எங்களைச் சனியனாகப் பிடிக்கும் வரை. வலது டயர் ஒழுங்காக இருக்கும். இடது டயர் மட்டும் உள்விளிம்பில் மொழுமொழுவென்று தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரியும். புது டயர் கிடைப்பதோ குதிரைக் கொம்பு. கார் நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அண்ணன் காற்றைக் கூட்டிப் பார்த்தார், குறைத்துப் பார்த்தார். வலது டயரைக் கழற்றி இடப்பக்கம் மாட்டினார், அதுவும் அதே மாதிரி தேய்ந்தது. பட்டறையில் சக்கரத்துக்குப் பின்னால் தேய்ந்துபோன ரப்பர் புஷ்ஷை மாற்றிச் சக்கரத்தை நேராக்கிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் ஸ்டியரிங் மறுபடியும் இடப்பக்கம் இழுத்தது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அண்ணி எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். அண்ணன் சாக்கை விரித்துக் காருக்கு அடியிலேயே கிடப்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வெளியே வர மாட்டார். ஒருநாள் குனிந்து பார்த்தேன், அழுதுகொண்டிருந்தார்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பட்டறை வைத்திருந்த பாயிடம் காரைக் கொண்டுபோனோம். அவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தார். லொடலொடவென்று ஆடியது. வலது சக்கரம் அசையவே இல்லை. பிறகு இடது டயரின் பக்கவாட்டில் கல் உரசிய தடத்தைத் தடவிக் காட்டினார்.

"வண்டி மேல தப்பு இல்லப்பா. லெஃப்ட்டு மட்டும் தெனம் எதும்மேலயோ ஏறி எறங்குது. அது நிக்கற வரைக்கும் நீ எத்தினி புஷ்ஷு போட்டாலும் பிச்சுக்கும்."

அண்ணனுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. எங்கள் தெருவில் விடிந்தால் பாவு நீட்டுவார்கள். தெரு நெடுகப் பட்டு நூலை விரித்து, இழுத்துக் கட்டிப் பசை போடுவார்கள். சவாரிக்குக் கிளம்பும் அண்ணன், பாவின் மேல் தூசு கூடப் படக் கூடாதென்று இடது சக்கரங்களைச் சாக்கடை ஓரத்துக் கற்கள்மேல் ஏற்றி, இடித்து இடித்தே தெருமுனை வரை போவார். பழகிப்போன வழி என்பதால் அதை அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை.

காரைத் தெருமுனையிலேயே நிறுத்திப் பார்த்தார். ராத்திரியில் எவனோ திருடன் ஸ்டெப்னியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பாவைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லி நானே கேட்கிறேன் என்று கிளம்பினேன். அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"நமக்கு வூடு குடுத்தவங்கம்மா அவங்க. அவங்களையே ஒதுங்கச் சொல்லி எப்படிக் கேக்கறது? நாளைக்கே காலி பண்ணுன்னுட்டா உங்க ரெண்டு பேரையும் இட்டுக்கினு நான் எங்க போவேன்?"

என் கையைத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் அந்தக் கற்கள்மேல் சக்கரம் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு தினமும் கேட்டது. நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அடியில் இருக்கும் இணைப்பு முழுக்கத் தேய்ந்துவிட்டது, மாற்றும் வரை ஓட்டாதே என்று பாய் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். முகூர்த்த மாதம், இது மட்டும் போகட்டும் என்றார் அண்ணன். கல்யாண வீட்டாரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, ஏனாத்தூரைத் தாண்டி அந்தச் சக்கரம் மடங்கிக் கார் புளியமரத்தில் மோதியது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நேரம் நினைவு இருந்தது. வண்டியில் வேறு யாரும் இல்லையே என்று அண்ணியிடம் கேட்டாராம். அவர் பேசியது அவ்வளவுதான்.

அவரைக் காரிலிருந்து எடுத்து மாட்டு வண்டியில் கொண்டுவந்த வயல்காரர்களுக்கும், பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த பாய்க்கும், காரியம் முடியும் வரை தறியை நிறுத்தி எங்களுக்குச் சோறு போட்ட தெருக்காரர்களுக்கும் நானும் அண்ணியும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பாய் சொல்லி விஷயம் தெரிந்துகொண்ட எதிர்வீட்டு நெசவாளர், காரியத்தன்று என் முன்னால் வந்து நின்றார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தாண்ட நவுத்திப் போட்டிருப்போமேம்மா" என்றார்.

 

மறுநாளிலிருந்து சாக்கடைப் பக்கம் ஒரு கார் தாராளமாகப் போகிற அளவுக்கு வழி விட்டுத்தான் பாவு நீட்டுகிறார்கள். எங்கள் தெருவில் வேறு யாரிடமும் கார் இல்லை.