சேவல் இறகில் பிடித்த மீன்

அம்மாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மாவைப் பொறுமையின் வடிவம் என்று எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். அவருக்குப் பொறுமை கிடையாது, பிடிவாதம் இருந்தது. எங்கள் குடும்பம் நிமிர்ந்தது அதனால்தான்.

மலைமேல் வாழவந்தி நாட்டில், சாமையும் கேழ்வரகும் விளைவித்த குடும்பத்தில் அம்மா பிறந்தார். பக்கத்து ஊரிலேயே வாழ்க்கைப்பட்டார். ஐம்பதுகளின் கடைசியில், மிளகு பறிக்க மரமேறிய அப்பா கீழே விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டார். கட்டிலோடு மலையடிவாரத்துக் காரவள்ளிக்குத் தூக்கிப் போய்க் கட்டுப் போட்டு வந்தார்கள். அப்பாவுக்குக் களி இறங்கவில்லை. மீன் குழம்பென்றால் மட்டும் நாலு வாய் சாப்பிடுவார்.

அப்போது கோடை. காய்ந்த மண்ணில் எங்கே கொத்தினாலும் மண்புழு இல்லை. புழு இல்லையென்றால் தூண்டிலைக் கூரையில் செருகிவிட்டு மழைக்குக் காத்திருப்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மாவுக்குக் காத்திருக்கத் தெரியாது. ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்து பார்த்தார். தண்ணீருக்கு மேல் பறக்கும் பூச்சிகளை மீன்கள் எம்பிப் பிடித்துக்கொண்டிருந்தன. வீட்டுக்கு வந்து, சேவலின் கழுத்து இறகைப் பிடுங்கி, தூண்டில் முள்ளில் பூச்சி போல நூலால் சுற்றிக் கட்டினார். முதலில் கட்டியது நனைந்து மூழ்கியது. அடுத்ததற்கு விளக்கெண்ணெய் தடவினார். மிதந்தது, ஆனால் எண்ணெய் நாற்றத்துக்கு ஒரு மீனும் கிட்டே வரவில்லை. அம்மாவைக் கண்டாலே சேவல் ஓட ஆரம்பித்த பிறகு, நூலில் தேன்மெழுகு தேய்த்துக் கட்டிப் பார்த்தார். அன்று சாயங்காலம் கெண்டை கடித்தது.

அந்த மீனை அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், வீட்டுக்குள் விடவில்லை. மீன் ஆக்கினால் முதல் துண்டை இலையில் முன்னோருக்கு வைத்த பிறகே நாங்கள் சாப்பிடுவோம். மீனுக்குத் தின்னக் கொடுத்துப் பிடித்தால்தான் படையலுக்கு ஆகும், வெறும் இறகைக் காட்டி ஏமாற்றிப் பிடித்தது ஆகாது என்பது அவர் கட்சி. அப்பாரு கெட்டவர் அல்லர். அவருடைய அப்பா அப்படித்தான் சொல்லி வளர்த்திருந்தார்.

அம்மா திருப்பிச் சொன்னது இவ்வளவுதான்: "புழுவ முள்ளுல குத்திக் காட்டறதும் ஏமாத்தறதுதானுங்க மாமா. இதுல ஒரு உசுராச்சும் மிச்சமுங்க."

அப்பாரு இறங்கி வரவில்லை. அம்மா வாசலில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். கோழி மீன் வாசனை வருகிறதே என்று ஊரே கேலி பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காற்றில் தீ அணைய அணைய மூட்டினார். மழைக்கு முன்பே அப்பா கம்பை ஊன்றி எழுந்து நடந்தார். ஆனாலும் இறகில் பிடித்த மீனுக்கு வாசல் அடுப்புதான், படையல் கிடையாது என்பது மாறவில்லை. அம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

அறுபதுகளில் ஒரு கோடையில் அப்பாரு காய்ச்சலில் விழுந்தார். கஞ்சிகூட இறங்காமல் கிடந்தவர், வாசலில் கொதிக்கும் குழம்பு தனக்கும் வேண்டுமென்றார். புழுவில் பிடித்ததாகச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று அப்பா அம்மாவின் காதோடு சொன்னாராம். அம்மா அவரை முறைத்துவிட்டு, சட்டியோடு உள்ளே போனார்.

"இது இறகுல புடிச்ச மீனுங்க மாமா. சொல்லாமக் குடுக்க எனக்கு மனசு வரலீங்க."

 அப்பாரு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"மொதத் துண்ட எலையில வெய்யி கண்ணு. அப்பறம் எனக்கு ஊத்து."

அம்மா அழுது தான் பார்த்தது அன்று ஒருநாள்தான் என்று அப்பா சொல்வார்.

கடைசி மாதங்களில் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டாருக்கும், அவர் திட்டியதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், முள்ளுக்குறிச்சியிலிருந்து இரவோடிரவாக வந்து தோள் கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் நன்றி. ஓராண்டு முடிந்து அம்மாவும் முன்னோர் வரிசைக்குப் போய்விட்டார். இன்று முதல் துண்டு அவருக்கு. இலையில் வைக்க வேண்டியவள் நான். இதோ வைக்கிறேன்.