பிள்ளையார் பிளாப்பி

இந்த நாட்டில் எதற்கும் தொடக்கம் என்று ஒன்று கிடையாது. புதுக் கார் வாங்குகிறார்கள். சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழம்கூட வைக்காமல் ஏறி உட்கார்ந்து போய்விடுகிறார்கள். கடிதம் எழுதினால் தலைப்பில் ஒரு சுழி இல்லை. பாரிஸ் புறநகருக்கு வந்து பதினோரு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. வீட்டுக்கு ‘ஓர்தினாத்தர்’ வந்தபோதும் அப்படித்தான். நம் ஊரில் கம்ப்யூட்டர் என்கிற அந்தப் பெட்டியை வெறுமனே பொத்தானைத் தட்டி எழுப்ப எனக்கும் என் மனைவி வசந்தாவுக்கும் மனம் வரவில்லை.

நல்லவேளை, செல்வம் இருந்தான். வசந்தாவின் தம்பி, திருநள்ளாற்றில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்திருக்கிறான். எண்பத்தெட்டில் விடுமுறைக்குக் காரைக்கால் போனபோது அவன் கடையில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். நளன் குளத்தில் முழுகிய ஈரத்தலையோடு ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். புறப்படும்போது என் கையில் ஒரு பிளாப்பியைக் கொடுத்தான். வெறும் நட்சத்திரப் புள்ளிகளால் அதில் அவனே பிள்ளையார் வரைந்திருந்தான். “அத்தான், காலையில மொதல்ல இதப் போட்டு ஆன் பண்ணுங்க. பிள்ளையார் வந்து நின்னதும் வெளிய எடுத்துட்டு உங்க வேலையப் பாருங்க. நம்ம கடையில தெனமும் இப்படித்தான்” என்றான். பாரிஸ் திரும்பியதும் நாங்களும் அப்படியே செய்தோம். வசந்தா அந்தப் பிளாப்பியைப் பூஜை அலமாரியில்தான் வைப்பாள்.

மறு வருடம் ஒரு நாள் திரையில் ஒரு புள்ளி துள்ள ஆரம்பித்தது. சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பும் பந்து. முதலில் ரசித்தோம். பிறகு அது போகிற வழியில் எழுத்துகளைக் கலைத்து, பெட்டியையே உறைய வைத்தது. செல்வத்தின் பிரெஞ்சுக் குடியுரிமை மனு, எங்கள் பேச்சில் ‘நாஷனாலிதே’, அதற்குள்தான் இருந்தது. கொள்ளுத்தாத்தா காலத்துப் பத்திரங்களைப் பார்த்து, வசந்தா ஆறு வாரம் ஒற்றை விரலால் பிரெஞ்சில் அடித்தது. அடித்து முடித்ததும் பத்திரங்களை ஊருக்கே தபாலில் திருப்பிவிட்டோம். செல்வம் கையெழுத்துப் போட, சனிக்கிழமை காரைக்கால் போகிற நண்பரிடம் மனுவைக் கொடுத்தாக வேண்டும். விட்டால் மனுப் போடும் கெடு தப்பிவிடும்.

கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்காரர், நாங்கள் ‘முசியே’ என்று அழைப்பவர், அலுவலக இயந்திரங்கள் பழுது பார்ப்பவர். பார்த்தவுடன் “விரூஸ்” என்றார், அதாவது வைரஸ். பெட்டியை முழுக்க அணைத்தார். எதுவும் எழுதமுடியாதபடி ஓரத்து வெட்டில் பட்டி ஒட்டிய தன் சொந்த பிளாப்பியைப் போட்டு எழுப்பினார். எங்கள் பிளாப்பிகளை ஒவ்வொன்றாக வாங்கிக் கழுவித் துடைத்த மாதிரி சுத்தம் செய்து கொடுத்தார். பந்து போய்விட்டது. இரண்டு நாள் பார்த்துவிட்டு மனுவைத் திறங்கள் என்றார். மறுநாள் காலை காப்பி குடிக்கும்போது மறுபடி துள்ளியது. மூன்று நாள் இதே கூத்து.

“வேறு எதையாவது உள்ளே போட்டீர்களா?” என்று முசியே கேட்டார்.

“சத்தியமாக இல்லை” என்றேன். நான் பொய் சொல்லவில்லை. சாமியை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா?

வியாழக்கிழமை அவர் கையை விரித்தார். எல்லாவற்றையும் அழித்துவிடுவதுதான் வழி என்றார். வசந்தா பெட்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். “ஏங்க, எந்தம்பி வாழ்க்க அதுக்குள்ள இருக்கு. அந்தாளு கைய வச்சாருன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்னு சொல்லுங்க!” நான் அதைக் கொஞ்சம் நாகரிகமாக மொழிபெயர்த்தேன். அவர் பயந்துபோய், நாளைக் காலை நீங்கள் பெட்டியை எழுப்புவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, அலமாரியிலிருந்து பிளாப்பியை எடுத்துக் கண்ணில் ஒற்றி உள்ளே தள்ளினேன். பிள்ளையார் வந்து நின்றார். முசியே என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“இது என்ன?”

“இது கணக்கில் வராது.”

அவர் சிரித்த சிரிப்பில் மேல்வீட்டு நாய் குரைத்தது. நோய் அந்தப் பிளாப்பியின் தலைப்பகுதியில் ஒளிந்திருக்கிறதாம். எழுப்பியதும் முதலில் படிக்கப்படுவது அந்தப் பகுதிதானாம். அதை வெட்டிவிட்டுத் தன் பிளாப்பியிலிருந்து ஒரு நல்ல தலையை எடுத்துப் பொருத்தினார். தலை மாற்றிக்கொள்வது பிள்ளையாருக்கு என்ன புதிதா? நாங்கள் மறுப்புச் சொல்லவில்லை. அன்று பந்து வரவில்லை. செல்வத்துக்குப் போன் போட்டேன். “நம்ம கடையில அதெல்லாம் இல்ல அத்தான். அது உங்க ஊரு வியாதி” என்றான். கீழ்வீட்டில் கேட்டால் அது இந்தியாவிலிருந்து வந்ததாம்.

அன்று மாலை மனுவை அச்சடித்து, வைரஸ் எங்காவது எழுத்தை மாற்றியிருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்தோம். ஒன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். ‘என் தமக்கையும் அவர் கணவரும் பிரான்சில் நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள். ஊர் திரும்பும் எண்ணம் அவர்களுக்கு இல்லை.’ ஒவ்வொரு விடுமுறையிலும் பென்ஷன் வந்ததும் வந்துவிடுவோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள்.

“இது வைரஸ் பண்ண வேலையா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க” என்றாள். “நாந்தான் அடிச்சேன்.”

எனக்குத் துக்கமாக இருந்தது. ஆனாலும் அந்த வரியை நீக்கச் சொல்லவில்லை. சனிக்கிழமை உறையை ஒட்டி நண்பரிடம் கொடுத்தோம். காரைக்கால் பக்கம் பூவத்தில் நாங்கள் வாங்கிப்போட்ட மனையில் இரண்டு தென்னங்கன்றுகள் நிற்கின்றன. செல்வம்தான் தண்ணீர் ஊற்றுகிறான். அவனும் இங்கே வந்துவிட்டால் யார் ஊற்றுவது என்று அவள் என்னைக் கேட்கவில்லை, நானும் அவளைக் கேட்கவில்லை.