பதினேழாம் ஃப்ரேமில் ஒரு மோதிரம்

மலேசியாவில், கூலாயில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள் நான். என்னைவிட வேகமாக முடித்துக் கொடுப்பவர்கள் ஜொகூரில் உண்டு. என்னைப் போல் பார்த்துப் பார்த்துச் செய்பவர்களை இன்னும் நான் சந்திக்கவில்லை. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே கிடையாது.

அன்று மதியம் ஓர் அக்காவும் தம்பியும் கடைக்கு வந்தார்கள். தம்பிதான் மாப்பிள்ளை. தாலியில் முதல் முடிச்சை அவர் போட்டதும் மற்ற இரண்டையும் அக்கா போடவேண்டும். அது நாத்தனாரின் உரிமை. மூன்றையும் தானே போட்டுவிட்டதாகத் தம்பி எல்லோரிடமும் சொல்லியிருந்தார். தம்பி கல்யாணத்தில் முடிச்சுகூடப் போடாத அக்கா என்று சொந்தக்காரர்கள் இவரைப் பேசித் தீர்த்துவிட்டார்கள். நான் முடித்துக் கொடுத்த வீடியோவிலும் அந்த இடத்தில் பூவும் அரிசியும்தான் பறந்தன.

"என் கைய வெட்டித் தூக்கிட்டீங்களா?" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. "நான் ஒன்னையும் வெட்டலக்கா. உக்காருங்க, பாக்கலாம்" என்று, கை வைக்காத மூலப் பதிவைத் திறந்தேன்.

தம்பி மவுஸை வாங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். "பாருங்க லா, ஒன்னும் இல்ல."

பிளேயர் வினாடியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு வினாடிக்குள் இருபத்தைந்து படங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம். இவர் தாவித் தாவிப் போனால் எது கண்ணில் படும்? நேரம் காட்டும் இடத்தை ஃப்ரேமுக்கு மாற்றினேன். வினாடிக்குப் பின்னால் இன்னொரு ஜோடி எண் வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு படமாகத் தட்டினேன். பூ, மறுபடி பூ, மஞ்சள் அரிசி, யாரோ ஒரு மாமாவின் முழங்கை.

பதினேழில் பூக்கள் விலகின. மணப்பெண்ணின் பின்கழுத்தில் இரண்டு கைகள் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தன. விரலில் பச்சைக்கல் மோதிரம். அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததைப் பூ மூடிவிட்டது.

அக்கா அதே மோதிரம் போட்ட தன் கையைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

"அலமாக்..." என்று தலையில் கை வைத்தார் தம்பி. "படபடப்புல ஒன்னுமே தெரியலக்கா. எல்லாம் நானே போட்டேன்னு நெனச்சுட்டேன்."

"எங்கிட்ட எதுக்குடா சொல்ற? ஊரெல்லாம் சொன்னீல்ல, அவங்ககிட்ட சொல்லு."

தம்பி போனில் திரையைப் படம் பிடித்தார், கீழே இருந்த எண்ணும் தெரியும்படி. அந்தக் கல்யாணத்தை நானே முன்னின்று நடத்தி முடித்ததுபோல் எனக்குப் பெருமை தாங்கவில்லை. குடும்ப குரூப்பில் அவர் எழுதி அனுப்பியதை வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தேன்.

"அக்காதான் போட்டாங்க. பாத்துக்குங்க."